சேலத்தில் வீட்டு மராமத்து: காண்ட்ராக்டரிடம் இழுபடாமல் வேலையை முடிப்பது எப்படி

மாடியில் ஓர் அறை கூட்டுவது, பழைய பாத்ரூமை உடைத்துப் புதிதாகக் கட்டுவது, மொட்டை மாடி ஒழுகலுக்கு வழி பார்ப்பது. பழைய வீடு வைத்திருக்கும் எவரும் என்றாவது ஒருநாள் இந்த மூன்றில் ஒன்றுக்கு வந்துதான் ஆகவேண்டும். அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் மூன்றும் சேர்ந்தே நடந்தது. பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்துப் போட்டுவிட்டு ஆள் காணாமல் போனதும், வேலை பாதியில் தொங்கியதும், கடைசியில் வேறு ஆள் வைத்து முடித்ததும் பெரிய கதை. அது வேண்டாம். அதில் தேறிய நடைமுறையை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். வேலையை இழுக்கும் காண்ட்ராக்டர் பெரும்பாலும் ஏமாற்றுவதற்கென்றே வந்தவர் அல்ல. கையில் முதல் இல்லாமல் நாலைந்து இடத்தில் வேலை பிடித்திருப்பார். உங்கள் அட்வான்ஸில் சூரமங்கலம் வீட்டுக்குக் கம்பி வாங்குவார். அம்மாபேட்டைக்காரர் பணம் கொடுத்தால்தான் உங்கள் வீட்டுக்கு ஆள் வரும். இந்தச் சுழற்சியில் யார் பணம் முன்கூட்டியே போய்விட்டதோ அவர் வீட்டு வேலைதான் நிற்கும். கீழே சொல்வதெல்லாம் ஒரே காரியத்துக்காக: எந்த நாளில் வேலை நின்றாலும், அதுவரை நடந்த வேலையின் மதிப்பைவிட நீங்கள் கொடுத்த பணம் குறைவாக இருக்கவேண்டும்.

1. ஆளைத் தேடும் முன் வேலையை எழுதுங்கள்

ஒரு நோட்டில் அறை அறையாக எழுதுங்கள். எதை உடைப்பது, எதை வைத்துக்கொள்வது, எத்தனை பாயிண்ட், எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் டைல்ஸ், கதவு மரமா பிவிசியா. இந்த ஒரே பட்டியலைக் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். பட்டியல் இல்லாமல் கேட்டால் மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்வார்கள். எது மலிவு என்று ஒப்பிடவே முடியாது.

அவர் முன்பு செய்த வீட்டைப் பார்க்கப் போகும்போது, போன மாதம் முடித்த வீட்டைக் கேட்காதீர்கள். இரண்டு மழைக்காலம் தாண்டிய வீட்டைக் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் "நல்லா செஞ்சாரா" என்று கேட்டால் நல்லவிதமாகத்தான் சொல்வார். "கடைசிப் பணம் எப்பக் கொடுத்தீங்க, அதுக்கப்புறம் கூப்பிட்டப்ப வந்தாரா" என்று கேளுங்கள்.

2. எஸ்டிமேட்டை அளவு நாடாவோடு படியுங்கள்

சண்டையின் விதை இங்கேதான் விழுகிறது. நம்மூரில் மூன்று வகையாக விலை பேசுவார்கள்: லேபர் மட்டும், மெட்டீரியலோடு சேர்த்து, அல்லது நாள் கூலி. மராமத்து வேலைக்கு என் கணக்கில் லேபர் காண்ட்ராக்டே நல்லது. சிமெண்ட், கம்பி, டைல்ஸ், பைப்பை நீங்களே கடையில் வாங்குங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். அலைச்சல் உண்டு. ஆனால் வேலை நின்றாலும் பொருள் உங்கள் வீட்டில் இருக்கும்.

"மொத்தமா இவ்ளோ சார்" என்று ஒற்றைத் தொகை சொன்னால், எந்த அளவுக்கு எந்த ரேட் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. அதில் படிக்கட்டு, சன்ஷேடு, மாடிப்படித் தலைக்கட்டு சேருமா என்று கேளுங்கள். பூச்சு வேலையில் கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பார்களா, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே ரேட்டா, ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) ரன்னிங் அடியா, அதாவது நீளக் கணக்கா, சதுர அடியா என்பதெல்லாம் ஆரம்பத்தில் அற்பமாகத் தெரியும். கடைசிக் கணக்கில் பல ஆயிரமாக வந்து நிற்பது இதுதான்.

பாத்ரூம் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். 8 அடிக்கு 5 அடி அறை, 7 அடி உயரம் டைல்ஸ். நாலு சுவரும் சேர்த்துச் சுற்றளவு 26 அடி. 7-ஆல் பெருக்கினால் 182 சதுர அடி. இரண்டரை அடிக் கதவுக்கு 17.5 கழித்தால் 164.5. தரை 40. ஆக 204.5 சதுர அடி. சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 225 சதுர அடி டைல்ஸ் போதும். கதவைக் கழிக்காமல் போட்டால் 244 வரும். டைல்ஸும் கூடுதல், ஒட்டும் கூலியும் கூடுதல். அந்தக் கூலியையும் சேதாரத்தோடு சேர்த்துப் போடுவார்கள். கூலி, ஒட்டிய அளவுக்கு மட்டும்தான்.

காண்ட்ராக்டர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். 4 லட்சம் வேலையில் அது 72,000 ரூபாய். சிமெண்ட்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய எஸ்டிமேட்டையே தேதி மாற்றிக் கொடுத்திருந்தால் அதையும் கவனியுங்கள்.

எஸ்டிமேட்டில் அனேகமாக இருக்காத வரிகள்: ரப்பீஸ் (இடித்த கழிவு) அள்ளும் செலவு, மாடிக்கு மணலும் கல்லும் ஏற்றும் கூலி, சாரம் கட்டும் வாடகை, க்யூரிங்குக்கு, அதாவது கான்கிரீட்டும் பூச்சும் இறுகும்வரை ஈரமாக வைக்க, தண்ணீர். மாநகராட்சித் தண்ணீர் வராத நாளில் லாரித் தண்ணீர் வாங்கினால் யார் பணம் கொடுப்பது? இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ரப்பீஸை வாசல் ரோட்டில் கொட்டிவிட்டுப் போனால் மாநகராட்சி கேட்பது உங்களைத்தான்.

3. அனுமதி

டைல்ஸ் மாற்றுவது, பூசுவது, பெயிண்ட், தளம் ஒழுகலுக்கான வேலை இவற்றுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. மாடியில் அறை கூட்டினால் தேவை. "ஒரு ரூம்தானே, யார் கேக்கப் போறா" என்று சொல்லும் காண்ட்ராக்டர், கேட்கும் நாளில் பக்கத்தில் இருக்கமாட்டார். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்புக்கு இணையத்தில் சுயசான்று முறையில் அனுமதி வாங்கும் வழி 2024 ஜூலையிலிருந்து இருக்கிறது. உங்கள் வீடு அதில் வருமா என்று பதிவு பெற்ற பொறியாளரிடம் கேளுங்கள். பத்திரம், பட்டா, பழைய பிளான், வீட்டுவரி ரசீது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு மாடி தாங்குமா என்ற கேள்வியையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். அதைக் கொத்தனார் வாக்கை நம்பிச் செய்யக்கூடாது. ஏற்காட்டில் வீடு உள்ளவர்களுக்கு மலைப்பகுதி விதிகள் தனி. கீழே செல்லுபடியாவது மேலே செல்லுபடியாகும் என்று எண்ணவேண்டாம்.

4. ஒப்பந்தத் தாள்

200 ரூபாய் முத்திரைத்தாள், கூட இரண்டு வெள்ளைத்தாள், இரு தரப்புக் கையெழுத்து, இரண்டு சாட்சி. எல்லாம் ஒரு மாலையில் முடிகிற வேலை. "நம்மளுக்குள்ள எதுக்கு சார் பத்திரம்" என்று சிரிப்பார். "வீட்டுல அப்பா கேக்குறாருங்க" என்று பழியை வீட்டுப் பெரியவர் மேல் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: அவருடைய ஆதார்படியான பெயரும் முகவரியும் (விசிட்டிங் கார்டில் உள்ள பெயர் போதாது, நாளைக்கு நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டும்), அளவும் ரேட்டும் உள்ள பட்டியல், பொருளின் பிராண்டும் ரகமும், தொடங்கும் தேதி, முடியும் தேதி, பணம் கொடுக்கும் கட்டங்கள், கூடுதல் வேலை என்றால் முன்கூட்டி வாட்ஸ்அப்பில் விலை சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும் என்ற ஒரு வரி. பிறகு, இத்தனை நாள் தொடர்ந்து ஆள் வராவிட்டால் அளவெடுத்துக் கணக்கு முடித்து வேறு ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற வரி. இந்தக் கடைசி வரிக்குத்தான் அவர் முகம் மாறும். பத்து நாள் என்று நீங்கள் சொன்னால் பதினைந்து என்பார். ஒப்புக்கொள்ளுங்கள், வரி இருந்தால் போதும்.

கொத்தனாரும் சித்தாளும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களா என்று கேட்டு அட்டையை ஒரு படம் எடுத்து வையுங்கள். சாரத்திலிருந்து யாராவது விழுந்தால் அந்த அட்டைதான் அவர் குடும்பத்துக்கு உதவும்.

5. பணம்: கட்டம் கட்டமாக

4 லட்ச ரூபாய் மாடி அறைக்கு நான் சொல்லும் பிரிவு இது. அட்வான்ஸ் 40,000. சுவர் லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேல் விட்டம் வரும் உயரம்) வந்ததும் 80,000. தளம் போட்டு, அதைத் தாங்கி நின்ற முட்டுப் பிரித்தபின் 1 லட்சம். வயரிங், பைப், பூச்சு முடிந்ததும் 80,000. டைல்ஸ், பட்டி, பெயிண்ட் முடிந்ததும் 60,000. மீதி 40,000 ஒரு மழைக்காலம் தாண்டியபின். மூன்றாவது கட்டத்தில் "தளம் போட்டவுடன்" என்று எழுதக் கேட்பார்கள். முட்டுப் பிரித்து அடிப்பக்கம் பார்க்காமல் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். தேன்கூடாக ஓட்டை விழுந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

இதற்கு வரும் எதிர்வாதம் நியாயமானது: "சனிக்கிழமை ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும் சார், கட்டம் முடியுற வரைக்கும் நான் எங்க போறது?" உண்மைதான். வாராவாரம் ஒரு தொகை கொடுங்கள். ஆனால் அது அந்தக் கட்டத்துக்கு உரிய தொகைக்குள் இருக்கவேண்டும். ஒரு நோட்டில் தேதி, தொகை, எந்தக் கட்டம், இதுவரை மொத்தம், கையெழுத்து என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். யுபிஐ அல்லது வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். அவர் மனைவி கணக்கு, மச்சான் கணக்கு என்று மாற்றிச் சொன்னால், "இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்பதை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

இரண்டு பொறிகள். ஒன்று, பண்டிகை அட்வான்ஸ். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு வேலை திடீரென்று வேகமெடுக்கும். பணம் வாங்கியபின் பொங்கலுக்குத்தான் முகம் தெரியும். போனஸ் கொடுக்க விருப்பமிருந்தால் ஆட்கள் கையில் நேரடியாகக் கொடுங்கள். அது காண்ட்ராக்ட் கணக்கில் சேராது என்றும் சொல்லிவிடுங்கள். இரண்டு, ஆட்கள் உங்களிடமே வந்து "மேஸ்திரி இன்னும் கூலி தரலீங்க" என்று நிற்பது. மனசு கேட்காது. அவருக்குப் போன் போட்டு, "இத்தனை பேருக்கு இவ்வளவு கொடுக்கிறேன், உங்கள் கணக்கில் கழித்துக்கொள்கிறேன்" என்று எழுதி, அவர் சரி என்று பதில் போட்டபின் கொடுங்கள். பதில் வராமல் கொடுத்தால் அதே கூலியை இரண்டு தடவை கொடுத்ததாக முடியும்.

6. மாதம் பார்த்துத் தொடங்குங்கள்

ஆடியில் புது வேலை தொடங்கமாட்டார்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாட்களில் நடக்கிற வேலையும் நிற்கும். ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் வரை சேலத்தில் சாயங்காலம் இடி மழை பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடி ஒழுகல் வேலையை அதற்கு முன்பே முடிக்கவேண்டும். பொங்கல் கழிந்து தை, மாசியில் தொடங்குவதுதான் வசதி. சித்திரை வெயிலில் தளம் போடலாம், ஆனால் தண்ணீர் நிறைய வேண்டும். வடநாட்டு ஆட்களை வைத்து வேலை செய்பவர் என்றால் அவர்கள் ஊருக்குப் போகும் மாதத்தையும் கேட்டு வையுங்கள்.

7. மூடும் முன் பாருங்கள்

கட்டட வேலையில் தப்பெல்லாம் அடுத்த வேலையால் மூடப்படும். கம்பியைக் கான்கிரீட் மூடும், பைப்பைப் பூச்சு மூடும், பூச்சைப் பட்டி மூடும். நீங்கள் வீட்டில் இருக்கவேண்டிய நாட்கள் இந்த மூடல்களுக்கு முந்தைய நாட்கள்தான். தினமும் நின்று காவல் காக்கத் தேவையில்லை.

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டது வேண்டாம். தளத்துக்கு எம் 20 கலவை (கான்கிரீட்டின் ஒரு வலிமை ரகம்) என்றால் ஒரு மூட்டைக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சம். கலவை "ஓடணும்" என்பதற்காக சித்தாள் குடம் குடமாக ஊற்றுவார். அந்த ஒரு நாள் மிக்ஸர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். முட்டுகளை 15 அடிக்குக் குறைவான அகலத் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் கழித்துத்தான் பிரிக்கவேண்டும். வேறு இடத்தில் செண்ட்ரிங் (முட்டும் பலகையும்) தேவைப்படுகிறதென்று முன்பே பிரிக்க வருவார்கள், விடாதீர்கள். பிபிசி (ஃப்ளை ஆஷ் கலந்த) சிமெண்ட்டுக்கு 10 நாளாவது தண்ணீர் கட்டவேண்டும், நம் ஊர்க் கோடையில் 14 நாள்.

பைப்பும் வயர்க் குழாயும் சுவருக்குள் போனபின், பூசுவதற்கு முன், அளவு நாடாவைத் தரையிலிருந்து நீட்டிப் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். பின்னால் கீசர் மாட்ட ஓட்டை போடும்போது எங்கே பைப் இருக்கிறது என்று அந்தப் படம் சொல்லும். பைப்பை அழுத்தம் கொடுத்துச் சோதித்தபின்தான் பூச்சு.

பாத்ரூமுக்கு வாட்டர்ப்ரூஃபிங் அடித்ததும் டைல்ஸ்காரர் மறுநாளே கல்லோடு வந்து நிற்பார். திருப்பி அனுப்புங்கள். அடித்தது காய்ந்ததும், வடிகால் வாயில் துணி அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம் விடுங்கள். கோடு இறங்கியிருக்கிறதா, கீழ் அறைக் கூரையில் ஓதம் தெரிகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஓதம் வந்தது, மேற்கு மூலையில், வடிகால் குழாயைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு. டைல்ஸ் ஒட்டியபின் அது தெரிந்திருந்தால் மொத்தத்தையும் உடைத்திருக்க வேண்டும்.

டைல்ஸ் ஒட்டி நாலைந்து நாள் கழித்து ஒரு நாணயத்தால் ஒவ்வொரு கல்லின் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் சரி. பொள்ளலாக "டொப்" என்றால் அடியில் கலவை பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட கற்களில் ஸ்கெட்ச் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, அவரை நேரில் கூப்பிட்டுக் காட்டி, படமும் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு மக் தண்ணீரை வாசல் ஓரம் ஊற்றுங்கள். வடிகாலுக்குப் போகாமல் குட்டையாக நின்றால் வாட்டம் தப்பு. இதை அந்தக் கட்டத்துப் பணம் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டும். கொடுத்தபின் செய்தால் மனவருத்தம்தான் மிச்சம்.

8. வேலை நின்றுவிட்டால்

முதல் அறிகுறி அவர் சாக்கு சொல்வது அல்ல. சாமான் போவது. மிக்ஸர், முட்டு, பலகை, டிரில் மெஷின் என்று ஒவ்வொன்றாக "ஒரு நாளைக்கு வேணும்" என்று எடுத்துப் போனால் அவருடைய அடுத்த வேலை வேறிடத்தில் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றைக்கே பணத்தை நிறுத்திவிட்டு, எழுத ஆரம்பியுங்கள்.

போனில் கத்துவதால் பயன் இல்லை. "நாளைக்கு ஆளு வந்துரும் சார்" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் மரியாதையாக, தேதி போட்டு எழுதுங்கள்: இத்தனாம் தேதி முதல் ஆள் வரவில்லை, பாக்கி வேலை இன்னின்னது, இதுவரை கொடுத்தது இவ்வளவு, எந்தத் தேதிக்குள் தொடங்குகிறீர்கள்? அவர் குரல் பதிவாகப் பதில் போட்டால் அழித்துவிடாதீர்கள். போன் மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதே செய்தியைக் கடிதமாக ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, கவுண்டரில் குழம்பவேண்டாம். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். கடிதம் கண்டு வேலைக்கு வருபவர்கள் பாதிப் பேராவது உண்டு என்பது என் அனுமானம். எங்களுக்கு வந்தது அவர் அனுப்பிய இரண்டு சித்தாள் மட்டும்.

அவர் விட்டுப்போன சாமானைப் பூட்டி வைத்து மிரட்டாதீர்கள். புகார் உங்கள் மேல் திரும்பும். பட்டியல் எழுதி, எடுத்துப் போகும்போது கையெழுத்து வாங்குங்கள். காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் விவகாரம்" என்றுதான் சொல்வார்கள். ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போகலாம் என்று தெரிந்தவர் யாராவது சொல்வார்; அது விற்பனைக்குக் கட்டும் புரமோட்டருக்கு, சொந்த வீட்டு மராமத்துக்கு அல்ல.

9. அளவெடுத்து அனுப்புங்கள்

புது மேஸ்திரி வந்து முதலில் சொல்வது, "முன்னாடி செஞ்சதெல்லாம் தப்பு சார், முழுசா உடைக்கணும்" என்பதுதான். அவர் கை வைக்கும் முன், சம்பந்தமில்லாத ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, நடந்த வேலையின் அளவு, மதிப்பு, குறைகள், சரிசெய்ய ஆகும் செலவு ஆகியவற்றைக் கையெழுத்தோடும் பதிவு எண்ணோடும் அறிக்கையாக வாங்குங்கள். பழைய ஆளுக்கும் நாளும் நேரமும் சொல்லி வரச்சொல்லுங்கள். வந்தால் நல்லது, வராவிட்டால் சொன்ன செய்தியே ஆதாரம். பொறியாளருக்கான கட்டணம் கசக்கும். ஆனால் உடைத்துவிட்ட பிறகு நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

பாக்கி வேலைக்கு இரண்டு பேரிடம் எழுத்தில் விலை வாங்கி வையுங்கள். நஷ்டம் எவ்வளவு என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

10. நுகர்வோர் ஆணையம்

வீடு கட்டும் வேலை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைதான். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியுங்கள். செலவில்லை. சின்ன காண்ட்ராக்டரிடம் அதனால் பெரிய அசைவு வராது, ஆனாலும் பதிவு எண் கிடைக்கும்.

அடுத்தது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காண்ட்ராக்டர் ஈரோட்டுக்காரரோ நாமக்கல்காரரோ, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அவர் "முடிச்சுத் தர்றேன்" என்று இழுத்துக்கொண்டே இந்தக் கெடுவைத் தாண்ட வைப்பதும் உண்டு. வக்கீல் கட்டாயம் இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை: புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், ஒப்பந்தம், எஸ்டிமேட், பண நோட்டு, வங்கி விவரம், கடைப் பில்கள், தேதி வாரியாகப் படங்கள், வாட்ஸ்அப் பக்கங்களின் பிரதி, தபால் ரசீதும் ஒப்புகையும், பொறியாளர் அறிக்கை, புது ஆளின் விலைப்பட்டியல். எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு முன்னால் ஒரு பட்டியல் வையுங்கள். கேட்கும் தொகையைப் பிரித்துக் காட்டுங்கள்: அதிகமாகக் கொடுத்தது இவ்வளவு, சரிசெய்யும் செலவு இவ்வளவு, மன உளைச்சலுக்கு இவ்வளவு, வழக்குச் செலவு இவ்வளவு. மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் எழுதினால் மற்றக் கணக்கின் மீதும் நம்பிக்கை போகும்.

எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா நீளும், அதற்குத் தயாராகப் போங்கள். நடுவில் சமரசத்துக்கு அவர் இறங்கி வந்தால், பணத்தைச் செக்காக வாங்குவதைவிட அன்றைக்கே வங்கியில் ஏறும்படி வாங்குங்கள். ஏறியபின்தான் வழக்கை வாபஸ் வாங்கும் மனுவில் கையெழுத்து.

உத்தரவு உங்கள் பக்கம் வந்தால் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய அவருக்கு 45 நாள் உண்டு. அதற்கும் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டித்தான் போகமுடியும். போகவும் இல்லை, பணமும் கட்டவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டப்பிரிவு 72 இடம் தருகிறது. பெரும்பாலும் அந்த மனுவுக்கு நோட்டீஸ் போகும் வாரத்தில்தான் போன் வரும்.